மட்டக்குழாய்க்கு ரெண்டு ஆள்

புது வீடு கட்டுகிற கொத்தனாருக்குக் கிரகப்பிரவேசத்தன்று வேட்டி துண்டு கிடைக்கும். பழைய வீட்டை மராமத்து பார்க்கிற கொத்தனாருக்கு, வேலை முடிந்த மறுவாரமே போன்தான் வரும். "அந்த மூலைல இன்னும் ஒழுகுதுங்க" என்று ஆரம்பிக்கும் அந்தப் போனை எடுத்து எடுத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், எங்களிடம் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சொந்தக்காரர் வீட்டில் சோறு தின்றவர்களுக்கும் சேர்த்தேதான் இதைச் சொல்கிறேன். இரண்டு தரப்புமே பாவப்பட்டவர்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாங்கள் உள்ளே இருக்கும்போது வீட்டில் குடும்பம் இருக்காது. குடும்பம் வந்து பால் காய்ச்சும்போது பெரும்பாலும் நாங்கள் இருக்க மாட்டோம். இத்தனை வருடத்தில் எத்தனையோ வீட்டைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், ஆனால் ஒரு வீட்டிலும் குடும்பம் குடியிருந்து பார்த்ததில்லை. எருமப்பட்டியில் இருக்கிற என் சொந்த வீட்டுக்கும் இப்போது இதே கதிதான்.

சிவப்புக் கோடு

கடைசியாக முடித்துக் கொடுத்தது, பள்ளிபாளையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காவிரிக்கரைத் தாழ்வில் இருக்கிற பழைய தொகுப்பு வீடுகள். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, மேலே காங்கிரீட் தளம். ஆற்றைப் பார்த்துச் சரிகிற தெருவில் ஒரே வரிசையாக நிற்கும். பெரும்பாலும் விசைத்தறிக்குப் போகிற குடும்பங்கள். மேட்டூரில் உபரித் தண்ணீர் திறந்தால் ஆறு முதலில் கடைசி வீட்டுக்குள் நுழையும், அப்புறம் ஒவ்வொரு வீடாக விசாரித்துக்கொண்டு மேலே வரும்.

போன பெரிய வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பம்ப் ரூம் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எல்லா வீட்டுத் தரையையும் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே ஏற்ற வேண்டும் என்பதுதான் எங்களுக்கு அரசாங்க உத்தரவு. ஏற்றத் தோதில்லாத வீட்டைப் பூட்டிவிடுவார்கள். அதில் இருப்பவர்களுக்கு, ஊருக்கு வெளியே பாறைக் கரட்டோரம் கட்டியிருக்கிற மாடிக் குடியிருப்பில் இடம் கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் கடைசி வீடு பாவாயியுடையது. ஐம்பதை ஒட்டிய வயது, குட்டையான உருவம், தறிப்பட்டறையில் நூலைத் தாராகச் சுற்றுகிற வேலை. வீட்டில் வேறு ஆள் கிடையாது. கரட்டோரத்திலிருந்து பட்டறையின் விடிகாலை ஷிஃப்டுக்கு பஸ் இல்லை. வேலை போனால் மகள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அதற்கு இந்த ஆறே தேவலை என்பார். நான் சாமான் இறக்கிய முதல் நாளே ஷிஃப்டுக்குப் போகிற வழியில் நின்று கேட்டார். "ஏனுங்க மேஸ்திரி, எம்பட ஊடு தேறுமுங்களா?"

ஒத்தை ஆள்

ஒரு சுவரில் இருக்கிற கோட்டை இன்னொரு சுவருக்குக் கொண்டுபோக எங்களிடம் இருப்பது மட்டக்குழாய். வேறொன்றுமில்லை, உள்ளே தண்ணீர் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூப். ஒரு முனையை ஒருவர் கோட்டில் பிடிக்க வேண்டும், மறுமுனையை இன்னொருவர் அடுத்த வீட்டுச் சுவரில் பிடிக்க வேண்டும். நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஆனால் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஆடும். "நின்னுருச்சா?" என்று இந்தப் பக்கத்து ஆள் கத்துவான். "நின்னுருச்சு" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்த பிறகுதான் பென்சிலை எடுக்கலாம். முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

என் குழாயின் மறுமுனையில் எப்போதும் என் மனைவி சரசுதான். கல்யாணமான புதிதில் சித்தாளாக என்னோடு வந்தவள், கடைசி வரை வந்துகொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதைவிடச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டதுதான் அதிகம். சில நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் நிற்பாள். நான் தொண்டை வற்றக் கத்தியபிறகு, "நின்னு அரை மணி நேரமாச்சுங்க" என்பாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தக் குழாயைக் கையில் எடுக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. யாரையாவது கூப்பிட்டு மறுமுனையைக் கொடுக்கும்போதெல்லாம் அவளுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கும்.

இந்த சைட்டின் இன்ஜினியர் தம்பி நல்ல பையன். பனைமர உயரம். நான் குழாயை வைத்துக்கொண்டு ஆளைத் தேடி அலைவதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் போனில் ஒரு படத்தைக் காட்டி அக்கறையாகச் சொன்னார். "லேசர் மட்டம் ஒண்ணு வாங்கிக்குங்க மேஸ்திரி. ஒத்தை ஆள் போதும்."

நெஞ்சளவு

கோடு போடப் போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை. எங்கள் வீட்டில் இடுப்பளவு வந்தது என்பார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர் அதைவிடக் குறைத்துச் சொல்வாரா? வெள்ளத்தில்கூட ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். லாரி ஓட்டி ஓய்ந்த பழனியப்பன் தெருவின் நடுவில் இருப்பவர். அவர் சுவரில் நெஞ்சு உயரத்தில் உள்ளங்கையை வைத்து, "இங்கதானுங்க நின்னுது. நான் நட்ட நடு ஊட்டுல நின்னு பாத்தேன்" என்று அடித்துச் சொன்னார்.

பம்ப் ரூம் கோட்டிலிருந்து குழாய் பிடித்துக் கொண்டுவந்தால் அவர் வீட்டில் முழங்காலுக்குமேல் போகவில்லை. நான் பென்சிலால் கோடு போட்டேன். பழனியப்பன் குனிந்து கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சமும் அசரவில்லை. "தண்ணி மொழங்காலுக்குத்தானுங்க வந்துச்சு. பயம் நெஞ்சு வரைக்கும் வந்துச்சே, அதை எந்தக் குழாய்ல பாப்பீங்க?"

கோலமாவு

வேலை நடக்கிற வீட்டிலேயேதான் எனக்குப் படுக்கை, சமையல் எல்லாம். குடும்பம் சாமான்களை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும். சுவரில் காலண்டர் மாட்டிய இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் பார்த்ததேயில்லை. ஆனாலும் பூச்சுக்காகக் கொத்தும்போது அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கதவுப் பக்கத்துப் பூச்சு திடமாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் ஒருவர் வந்து வாசலில் மணியடித்தார். கோலமாவு விற்கிறவர், தெருவுக்குப் புதுசு போலிருக்கிறது. கலைந்த வீட்டையும் அடுப்படியில் நிற்கிற என்னையும் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரம்மா இல்லீங்களா?" என்றார். இல்லைங்க என்றேன். எப்ப வருவாங்க என்று கேட்டார். அது யார் வீடு, நான் யார் என்று நாலு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். தெரியலைங்க என்றுதான் சொன்னேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "பரவால்லீங்க, வந்தாச் சொல்லுங்க, கோலமாவுக்காரன் வந்துட்டுப் போனான்னு."

ஹாங்

மட்டக்குழாய் பிடிக்க எனக்குக் கிடைத்த ஆள் தினேஷ். பீகார்க்காரர், நாற்பது வயதிருக்கும், ஊரில் மனைவியும் மூன்று பெண்களும். கலவை போடுவதில் கெட்டிக்காரர். ஒரே குறை, காதில் ஒரு வயர் எந்நேரமும் தொங்கும். ஊரிலிருந்து அவர் வீட்டுக்காரி பேசிக்கொண்டே இருப்பார். அந்தம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது முதல் பிள்ளைகளுக்குச் சடை பின்னுவது வரை தினேஷ் இங்கிருந்தே குடும்பம் நடத்தினார்.

பழனியப்பன் வீட்டில் தரை மட்டம் பார்த்தோம். நான் ரூமிலிருந்து "நின்னுருச்சா?" என்று கத்தினேன். சமையல்கட்டிலிருந்து "ஆங்" என்று பதில் வந்தது. நம் பக்கம் 'ஆங்' என்றால் ஆமாம்தானே? கோடு போட்டேன். இப்படியே நாலு மூலையும் போட்டு, கிராவல் கொட்டி, காங்கிரீட் போட்டு முடித்தோம். பழனியப்பன் வந்து ஆசையாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தண்ணீர் வாசல் பக்கம் போகாமல் நேரே சமையல்கட்டுக்குப் போய் மூலையில் குளம் கட்டியது. "நல்லதுங்க மேஸ்திரி, இனி ஆறு வெளிய இருந்து வர வேண்டியதில்லை" என்றார் அவர்.

விசாரித்தால், தினேஷ் எனக்குப் பதில் சொல்லவேயில்லை. வீட்டுக்காரி கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் பாஷையில் 'ஹாங், ஹாங்' என்று ஆமாம் போட்டிருக்கிறார். சுவர் தாண்டி வரும்போது அதில் ஹாவன்னா உதிர்ந்து என் காதில் 'ஆங்' என்று விழுந்திருக்கிறது. தரையைக் கொத்தி மறுபடி போட வேண்டியதாயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்டபடி திட்டிவிட்டேன். தினேஷ் கோபப்படவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். "மேஸ்திரி, வீட்டுல கேட்டா ஹாங் சொல்லணும். உன் வீட்டுல கேட்டா நீ சொல்ல மாட்டியா?"

ஸ்டூல்

சுவிட்ச் போர்டு, பிளக் எல்லாம் வெள்ளக்கோட்டுக்கு வெகு உயரத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் எலக்ட்ரீஷியனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தளத்துக்குக் கொஞ்சம் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டார். பழனியப்பன் குடும்பம் திரும்பி வந்த அன்று, அவர் மனைவி ஃபேன் போட எக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஸ்டூல் எடுத்துப் போட்டு ஏறிப் போட்டார். இறங்காமல் மேலேயே நின்றுகொண்டு என்னிடம் சொன்னார். "என்னைக்கோ வர்ற ஆத்துக்குத் தோதா எல்லாம் வெச்சுட்டீங்க. தெனமும் இருக்கற எனக்கு ஸ்டூலுங்களா?"

நெட்டையான ஆள்

மேலிருந்து ஒவ்வொரு வீடாக முடித்துக்கொண்டு இறங்கினோம். தாழத் தாழ, வெள்ளக்கோடு சுவரில் மேலே ஏறிக்கொண்டே போனது. பாவாயி தினமும் ஷிஃப்டுக்குப் போகும்போது கோடு எந்த வீட்டில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். ஒன்றும் கேட்க மாட்டார். முதல் நாள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் வீட்டுக்கு வந்தபோது தினேஷ், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். முடிவு சொல்ல இன்ஜினியர் தம்பி வேறு வந்து வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் குழாயோடு விழித்ததைப் பார்த்து, "குடுங்க, நான் புடிக்கறேன்" என்று பாவாயி வாங்கிக்கொண்டார். எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் பக்கத்து வீட்டுக்குள் போய்ப் பழைய கோட்டில் என் முனையைப் பிடித்தேன். "நின்னுருச்சா?" என்றேன். "இல்லீங்க, இன்னும் ஆடுது." அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "நின்னுருச்சுங்க." அந்த வார்த்தையை ஒரு பெண்குரலில் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. நல்லவேளை, நடுவில் சுவர் இருந்தது.

போய்ப் பார்த்தேன். தண்ணீர் நின்ற இடத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். யாரும் பார்க்காத வீட்டுக்குள் விரலைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தரையிலிருந்து தொடை உயரம். "இதுக்கு மேல ஒரு சாணுமுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க அம்மிணி என்றேன்.

இன்ஜினியர் தம்பி உள்ளே வந்தார். நான் அந்த உயரத்துக்குச் செங்கலை அடுக்கினேன். அவர் அதன்மேல் ஏறி நிமிர்ந்தார். தலை தளத்தில் முட்டியது. தடவிக்கொண்டே, "நிலையையும் ஜன்னலையும் தூக்கி வெச்சுடலாம், தளத்தை எங்க தூக்கறது? ஃபேன்கூட மாட்ட முடியாது. வர்ற ஆளுக்கெல்லாம் தலை இடிக்கும். இந்த வீட்டை விட்டுடலாங்க மேஸ்திரி" என்றார். பாவாயியின் வீட்டுக்காரரும் நல்ல உயரமாம். கரூர்ப் பக்கம் தறிக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆக்கிக்கொண்டார் என்று பழனியப்பன் எப்போதோ என்னிடம் சொல்லியிருந்தார். பாவாயி கையில் இன்னும் குழாய் முனையைப் பிடித்தபடியே அந்தத் தம்பியை அண்ணாந்து பார்த்தார். "நெட்டையான ஆளு இந்த ஊட்டுக்குள்ள வந்து ரொம்ப நாளாச்சுங்க சாமி. எனக்கு இடிக்காது, ஏத்திக் குடுங்க."

ஆடி

அந்தத் தம்பி கொஞ்ச நேரம் செங்கல்மேலேயே குனிந்து நின்றார். அப்புறம் இறங்கி, சுவர் ஃபேனுக்கு ஒரு பாயிண்ட் வைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மேலிடத்தில் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, மறுநாள் கிராவல் லாரி வந்தது. தரையை ஏற்றினேன், வாசலுக்குப் படிகள் கட்டினேன், ஒழுகுகிற தளத்துக்குப் பூச்சு போட்டேன். சுவிட்ச் போர்டை மட்டும், எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நானே நின்று பாவாயியின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். பால் காய்ச்சுகிற அன்றைக்கு அவர் கூப்பிட்டார். அதற்குள் எனக்குப் பனமரத்துப்பட்டிப் பக்கம் அடுத்த வேலை வந்துவிட்டது. வழக்கம்போல நான் இல்லை.

ஆடியில் மேட்டூரில் உபரித் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். எனக்குக் கலவையில் மனம் போகவில்லை. தண்ணீர் அந்தத் தரைக்கு மேலே ஒரு விரற்கடை ஏறினால் போதும், அந்த வீட்டைப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் காலையில், யாரோ ஒரு குடும்பத்தின் காலி வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாவாயி. எல்லோரும் வெள்ள முகாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், மைக் கட்டிய ஆட்டோ இப்போதுதான் தெருமுனையிலிருந்து போனது, தான் மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்பதாகச் சொன்னார். நான் பதறிப்போய், முதலில் கிளம்புங்கள் அம்மிணி என்றேன். "போறேனுங்க. பின்னால மேட்டு வழி காஞ்சுதான் கெடக்குது. தண்ணி மேல்படிக்குக் கீழ ஆடிக்கிட்டு இருக்குது, அதைப் பாக்காம எப்பிடிங்க போறது?" என்றார்.

போனில் ஆற்றின் சத்தம் கேட்டது. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். எதிரே இருந்தது வெறும் சுவர். என்னையறியாமல், பழைய பழக்கத்தில், சத்தமாகவே கேட்டுவிட்டேன், "நின்னுருச்சா?" என்று. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் நிதானமாகப் பதில் வந்தது. "நின்னுருச்சுங்க."

லேசர் மட்டத்துக்கு ஒத்தை ஆள் போதும் என்று அந்தத் தம்பி சொன்னது முழுக்க முழுக்க உண்மை, அதனால்தான் நான் அதை இன்னும் வாங்கவில்லை.